நாப்பத்தேழாம் நம்பர் போஸ்டர்

அந்தக் குழாய் இடிக்குதாம்மா? காலக் கொஞ்சம் அந்தால தள்ளி வச்சுக்கோ. மேல வைக்கலாம்னு பாத்தேன், கண்டக்டர் விடமாட்டேன்னுட்டாரு. பிரேக் போட்டா யாரு மண்டையிலயாவது விழுமாம். விழுந்தா விழட்டுமே, இந்தக் குழாய் விழ வேண்டிய மண்டை ஒண்ணு இருக்கு. அது இந்த பஸ்ல வரல, கார்ல போயிட்டிருக்கும்.

துப்பாக்கி ஒண்ணும் இல்ல, பயப்படாத. பிளம்பர் கடையில வாங்குன பிவிசி பைப்பு, ரெண்டு பக்கமும் மூடி. உள்ள போஸ்டர் இருக்கு. சினிமா போஸ்டரா? நல்லா கேட்ட போ! இது கான்பரன்ஸ் போஸ்டர்ம்மா. ஆஸ்பத்திரியில புண்ணுல கிருமி தொத்தாம எப்பிடிப் பாத்துக்கிடதுன்னு மதுரையில ரெண்டு நாள் கூட்டம். பெரிய பெரிய டாக்டர்மாரெல்லாம் மேடையில ஏறிப் பேசுவாவ. நம்மள மாதிரி ஆளுகளுக்கு மேடை எங்க? செஞ்ச ஆராய்ச்சிய மூணடிக்கு நாலடி போஸ்டரா அடிச்சு, பலகையில ஒட்டி, பக்கத்துலயே காவக்காரி மாதிரி நிக்கணும். வாறவன் போறவனெல்லாம் நின்னு பாப்பான், கேள்வி கேப்பான். பதில் சொல்லணும். மார்க்கு கூட உண்டு.

நான் ஜெபக்கனி. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில சர்ஜரி வார்டு இன்சார்ஜ். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், விடு. இருபத்தொம்பது வருச சர்வீஸ். நீயும் திருநெல்வேலிதான? அப்ப கேளு. இத யார்ட்டயாவது கொட்டலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

எல்லாம் அந்த ஆவுடையப்பனால வந்த வினை. டாக்டர் ஆவுடையப்பன், எங்க சர்ஜரி சீஃப். கைராசிக்காரருன்னு ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன், வைகாசி மாசம் வரைக்கும்.

வைகாசியில சுடலைக்கண்ணுன்னு ஒருத்தரு வந்தாரு. ஆட்டு வியாபாரி. குடலிறக்கம் ஆபரேசன். நல்லபடியா முடிஞ்சிது. அஞ்சாம் நாளு கட்டப் பிரிச்சா சீழ். அவரு பொஞ்சாதி மாரடிச்சுக்கிட்டு அழுதா, கூட வந்தவனுக சத்தம் போட்டானுக. அந்த நேரம் பாத்து ரவுண்ட்ஸுக்கு வாறாரு ஆவுடையப்பன், பின்னால பத்துப் பன்னெண்டு படிக்கிற பிள்ளைய. சுடலைக்கண்ணுக்கு எட்டாம் நம்பர் கட்டில். புண்ணப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "இந்தம்மா கையக் கழுவாமக் கட்டு மாத்துனா சீழ் வைக்காம, பூவா பூக்கும்?"

பூவா பூக்கும்! அத்தனை பேருக்கு முன்னால! அந்தப் பிள்ளையளும் சிரிச்சுதுக. சுடலைக்கண்ணு பொஞ்சாதி என்னையப் பாத்த பார்வை இருக்கே, கொலைகாரியப் பாக்க மாதிரி. நான் அழலம்மா. நின்னேன், அசையாம நின்னேன். பொறவு பாத்ரூம்ல போயி அழுதேன், அது வேற.

அதோட விட்டாரா? மறுநாள் மெமோ. 'பணியில் கவனக்குறைவு.' என் பைல்ல ஏறிட்டு. தையில எங்க நர்சிங் சூப்பிரண்டு ரிட்டையர் ஆகுதாவ. அடுத்து யாரு? நான்தான் சீனியர். மெமோ இருந்தா பேரையே எடுக்க மாட்டாவ. இருபத்தொம்பது வருசம், ஒரு கரும்புள்ளி கெடையாது எனக்கு. ஒத்தத் தாள்ல எல்லாம் போச்சு.

ஆனா ஒண்ணு பாத்துக்கோ. என்னையத் திட்டுனாருல்லா, திட்டிட்டு அந்தால ஒம்பதாம் கட்டிலுக்குப் போனாரு. சுடலைக்கண்ணு புண்ணு பக்கத்துல அமுக்குன அதே கை. கை மருந்து பாட்டில், அதான் சானிடைசர், ஒவ்வொரு கட்டில் கால்மாட்டுலயும் தொங்குது, ஒரு அமுக்கு அமுக்கித் தேய்க்க எத்தன நேரம் ஆகும்? தொடல. நேராப் போயி ஒம்பதாம் கட்டில் பாட்டையா வயித்துல வச்சாரு அந்தக் கைய! நான் பாத்துட்டேன். நான் மட்டுந்தான் பாத்தேன். இரு ராசா, ஒனக்கு வைக்கேன் வேட்டுன்னு அப்பவே மனசுல முடிஞ்சுட்டேன்.

அன்னையிலேருந்து எடுத்தேன் கணக்கு. மூணு மாசம். எங்க தொழில்ல இதுக்கு முறை இருக்கு. நோயாளியத் தொடுறதுக்கு முன்னால கழுவுனானா, தொட்ட பொறவு கழுவுனானா, ஒரு ஆளு நின்னு குறிச்சுக்கிட்டே இருக்கணும். ஆபீஸ்ல அனுமதி கேட்டேன். ஆராய்ச்சின்னதும் பல்லக் காட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாவ, யாருக்கு வைக்கிற ஆப்புன்னு தெரியாம.

இந்தா, இந்த நோட்டுதான். இத இன்னும் விட மனசில்ல, கைப்பைக்குள்ளயே கெடக்கு. பாரேன்... ஒட்டிக்கிட்டு வருது எளவு, எச்சி தொட்டாத்தான் திரும்பும். இந்தா. கழுவுனா ரைட்டு, கழுவலேன்னா பெருக்கல் குறி. பாரு, பெருக்கலு, பெருக்கலு, பெருக்கலு. இந்தப் பக்கம் பாரு. இதுவும் அந்த மனுசன்தான். எரநூத்துப் பதினாலு தடவ நோயாளியத் தொட்டிருக்காரு. கழுவுனது எத்தன? சொல்லு பாப்போம். பத்தொம்போது! அதுலயும் ஆறு தடவ கையில ரத்தம் பட்டதுனால கழுவுனது.

சும்மா இல்ல இந்த வேல. வார்டு வேலையும் பாக்கணும், கணக்கும் எடுக்கணும். ஒரு கையில நோட்டு, ஒரு கையில கட்டு மாத்துற இடுக்கி. பேனாவ எங்க வைக்க? வாயில கடிச்சுக்கிடுவேன். எட்டாம் கட்டில்ல கட்டு மாத்திட்டிருக்கும்போது அவரு பதினொண்ணுல நிப்பாரு. போட்டது போட்டபடி ஓடுவேன், குறிச்சுட்டுத் திரும்பி வந்து கட்டுவேன். சுடலைக்கண்ணுக்கு நான் ஒருத்திதான் கட்டு மாத்துனது. வேற ஒருத்தியத் தொட விடல. மறுபடி ஏதும் ஆச்சுன்னா என் தலையிலதான விழும்? நாப்பது நாள் என் கையாலயே பாத்தேன். ஆறுவேனான்னுட்டு அந்தப் புண்ணு. என்ன செய்ய, அந்த மனுசன் கை பட்ட புண்ணு.

மூணு மாசத்துல ஏழு பேருக்கு சீழ் வச்சுது. நாலுதான் போஸ்டர்ல போட்டேன். மத்த மூணு எதுக்குன்னு விட்டுட்டேன். ஏன்னா நடுவுல அவரு மகளப் பாக்க அமெரிக்கா போயிட்டாரு, இருபத்திரண்டு நாளு. அந்த மூணும் அந்த நாளுக்குள்ள வந்தது. ஆளே இல்லாத நேரத்துக் கணக்க எடுத்துப் போட்டு எதுக்குக் குழப்பணும்? பாக்கவன் தலையச் சொறிவான். நானும் நடுவுல பத்து நாள் லீவு, எங்க தம்பி வீட்டுக் கல்யாணம் நாசரேத்துல. அந்தப் பத்து நாள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல தெரியுமா? அத்தன புண்ணும் காஞ்சு கெடந்துச்சு. நான் இல்லேன்னாலும் எங்க நர்சுப் பிள்ளைய வார்ட அப்பிடி வச்சிருந்தாளுவ. எல்லாம் என் டிரெயினிங்.

சரி, கணக்கு முடிஞ்சுது. போஸ்டர் அடிக்கணும். டவுன்ல மாசானம்னு ஒருத்தரு பிளக்ஸ் கடை வச்சிருக்காரு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இதுதான் அவருக்குத் தெரியும். "யக்கா, ஒங்க படத்த நடுவுல வட்டமாப் போட்ருவமா? மேல 'வருக வருக' போடணுமா?"ன்னு கேக்காரு. வேண்டாம் அண்ணாச்சி, கோட்டுப் படம் போதும்னேன். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கோடு. எத்தன தடவ கழுவுனாவளோ அந்த அளவுக்கு உயரம்.

போட்டுக் காட்டுனாரு பாரு, எனக்கு வயிறெரிஞ்சுது. மத்த மூணு டாக்டர்மாரு கோடும் உசரமா நிக்கி. இவரு கோடு தரையோட தரையா, கண்ணுக்கே தெரியல. கழுவுனது ஒம்போது சதவீதம்னா கோடும் ஒம்போதுதான இருக்கும்? அவ்வளவு பாடுபட்டு, அந்தாளு கோடு தெரியவே இல்லேன்னா எப்பிடி? ரெண்டு நாளு யோசிச்சேன். பொறவு சொன்னேன், அண்ணாச்சி, திருப்பிப் போடுங்க. கழுவுனதப் போடாதீங்க, கழுவாததப் போடுங்கன்னேன். போட்டாரு. தொண்ணூத்தொண்ணு! போஸ்டர் தலைப்ப முட்டிட்டு நின்னுது. சிவப்பு கலர் அடிக்கச் சொன்னேன். மாசானம் பாத்துட்டு, "யாருக்கா இந்தாளு? கட்-அவுட் வச்ச மாதிரி நிக்காரே"ன்னாரு. எனக்கு உள்ளமே குளுந்துட்டு.

பேரு போடக் கூடாது. அது ரூலு. டாக்டர் ஏ, பி, சி, டி. ஆவுடையப்பன 'ஏ'ன்னு போட்டா கண்டுபிடிச்சிருவாவன்னு 'டி'ன்னு போட்டேன். ஆனா யாருன்னு தெரியாமயே போயிட்டா என்ன பிரயோசனம்? அதனால அடியில சின்ன எழுத்துல, 'டி: இருபத்தெட்டு வருட அனுபவமுள்ள துறைத் தலைவர்'னு போட்டேன். எங்க ஆஸ்பத்திரிக்கு எத்தன துறைத் தலைவர் இருக்காவ சர்ஜரியில? ஒருத்தருதான். நான் பேரு போடலையே!

நர்சுமாருக்கும் ஒரு கோடு உண்டும்மா, நியாயமாத்தான் செஞ்சேன். எங்க பிள்ளைய பதிமூணு பேரு. கழுவாதது இருபத்தேழு சதவீதம்தான். பச்சை கலரு.

அவரும் இந்தக் கான்பரன்ஸுக்கு வாறாருன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன். முத நாளு மேடையில அவரு பேச்சு. தலைப்பு என்ன தெரியுமா? 'அறுவை அறையில் ஒழுக்கம்.' முன் வரிசையில உக்காந்து கேட்டேன். கையத் தட்டவும் செஞ்சேன். பேசு பேசு, நாளைக்கு இருக்கு ஒனக்குன்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே போயி நின்னுட்டேன். நாப்பத்தேழாம் நம்பர் பலகை. எங்க குடுத்திருக்கான் பாரு, சாப்பாட்டுக்கு வரிசை நிக்கிற இடத்துல. அதுவும் நல்லதுதான், சோத்துக்கு வராம யாரும் இருப்பானா? ரெட்டை ஒட்டு டேப்பு பிடிக்கல, ஒரு ஓரம் வழிஞ்சுக்கிட்டே இருந்துது. தோள வச்சு முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னேன். முன்னால ஒரு மேசை, மேசையில கை மருந்து பாட்டில் ஒண்ணு, ஒரு எடுப்புக்கு. பன்னெண்டே முக்காலுக்குக் கூட்டம் வந்துது. கையில தட்டோட வாறான், பாக்கான், "டி ரொம்ப மோசம்!"ங்கான். ஒரு டாக்டரம்மா போட்டோ எடுத்துக்கிட்டாவ. யாரு இந்த டின்னு ஆளாளுக்குக் குசுகுசுன்னு பேசுதாவ. ஏ அப்பா, அந்த அரைமணி நேரம் இருக்கே! என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்பிடி நிக்கலம்மா.

அப்ப வாறாரு ஆவுடையப்பன். கூட ஏழெட்டுப் பேரு. வந்து நின்னாரு. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு வாசிச்சாரு. மேலேருந்து கீழ வரைக்கும், அடியில உள்ள சின்ன எழுத்து வரைக்கும். எல்லாவனுக்கும் வெளங்கிட்டு. நான் அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கேன். தொங்கட்டும், இப்பத் தொங்கும், இப்பத் தொங்கும்...

தொங்கலம்மா.

"டி யாரு சிஸ்டர்?"ன்னு கேட்டாரு. பேரு சொல்லக் கூடாது சார், ரூலுன்னேன். எத்தன ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்த பதில் தெரியுமா அது! அவரு திரும்பி, கூட நின்னவங்ககிட்ட சத்தமாச் சொல்லுதாரு, "நான்தான். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு தடவ நான் கை கழுவல. இந்தம்மா பாத்திருக்காங்க. நேத்து மேடையில ஒழுக்கத்தப் பத்தி அரைமணி நேரம் பேசுனேன், நல்லா தட்டுனீங்க எல்லாரும்." சொல்லிட்டு என் மேசையில இருந்த பாட்டில எடுத்து, ரெண்டு அமுக்கு அமுக்கி, விரலுக்கு இடையில, கட்டவிரல், மணிக்கட்டு, எல்லாம் தேய்க்காரு. புஸ்தகத்துல உள்ள மாதிரி! என் பாட்டிலு! அவரத் தலைகுனிய வைக்க நான் வச்ச பாட்டிலு! கூட்டம் என்ன செஞ்சுது தெரியுமா? கையத் தட்டுது. அவருக்கு!

எனக்கு அப்பிடியே அந்தப் போஸ்டரக் கிழிச்சு அவரு தலையில மாட்டணும் போல இருந்துது.

பொறவு கேக்காரு, மெதுவா, "ஒங்க கோடு எங்க சிஸ்டர்?"

பச்சைக் கோடு சார், நர்சஸ்னேன். "பதிமூணு பேருன்னு போட்டிருக்கு. வார்டுல பதினாலு பேருல்லா?"ங்காரு. நான் கணக்கெடுத்த ஆளு சார், என்னைய எப்பிடிக் கணக்குல சேக்க முடியும்னேன். சரிதான? நீயே சொல்லு. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? "அப்ப ஒங்களை யாரும் பாக்கலயா"ன்னாரு. என்னைய எதுக்கு சார் பாக்கணும்னேன். சுத்தி நின்னவன்ல எவனோ ஒருத்தன் தொண்டையச் செருமுனான்.

"நோட்டு இருக்கா"ன்னாரு. ஏன் இல்லாம? எல்லாம் பக்காவா இருக்கு சார், சந்தேகம்னா பாத்துக்கிடுங்கன்னு எடுத்து, இந்தா இப்பிடித்தான், எச்சி தொட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டுனேன். அவரு நோட்டப் பாக்கலம்மா. என் கையவே பாத்துக்கிட்டு நிக்காரு. நானும் ஒவ்வொரு பக்கமாத் திருப்புதேன், அவரு கையத்தான் பாக்காரு. என்ன மரியாத இது? மூணு மாச உழைப்பக் காட்டுதேன், அத ஒரு பார்வ பாக்க மனசில்ல.

"சுடலைக்கண்ணுக்குக் கட்டு மாத்துனது யாரு?"ன்னு கேட்டாரு. நான்தான் சார், நாப்பது நாளும் நான் ஒருத்திதான், வேற யாரையும் தொட விடலன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

கண்ணாடிய நெத்தியிலேருந்து எறக்குனாரு. அப்புறம் சொல்லுதாரு, "அந்த மெமோவ நான் திரும்ப வாங்கிக்கிடுதேன் சிஸ்டர். ஒங்க பேரு மட்டும் போட்டு எழுதுனது தப்பு. சுடலைக்கண்ணு திங்கக்கிழம வாறாரு. புண்ணு உள்ளுக்குள்ள இன்னும் ஆறல, மறுபடி தெறந்துதான் பாக்கணும். நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் சேந்து கையக் கழுவிட்டு உள்ள போவோம்."

ரெண்டு பேருமாம்! பாத்தியா? பாத்தியா எப்பிடி என்னையும் இழுத்துப் பக்கத்துல நிறுத்திக்கிட்டாருன்னு? தொண்ணூத்தொண்ணு அவரு கோடு. கழுவ வேண்டியது அவரு. நான் எங்கேருந்து வந்தேன் இதுக்குள்ள? ஆனா அந்தக் கூட்டம் தலைய ஆட்டுது, என்ன பெரிய மனுசன், என்ன பெரிய மனுசன்னுட்டு. அவரு தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில போயி நின்னுட்டாரு. நான் அந்த வழிஞ்ச ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

மெமோ போயிரும்தான். போனா என்ன? நான் மெமோவுக்கா போனேன்? அந்த மூஞ்சி தொங்கணும், அதப் பாக்கப் போனேன். சாயங்காலம் பரிசு சொல்லுவாவன்னாவ. எனக்குத்தான் வரும்னு பக்கத்துப் பலகைக்காரி சொன்னா. அந்தாளு தலைய ஆட்டிக் குடுக்கிற பரிசு எனக்கெதுக்கு? பிய்ச்சுச் சுருட்டிக் குழாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு நேரா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

யாரு, சுடலைக்கண்ணா? எப்பிடி இருக்காருன்னா... எனக்கென்னம்மா தெரியும்? டிஸ்சார்ஜ் ஆயிப் போனாரு, ஆறியிருக்கும்னு நெனச்சேன். இன்னும் ஆறலன்னு இன்னைக்கு அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். வெளிநோயாளி நாள்ல வந்திருப்பாரு போல. நான் எங்க போயி விசாரிக்க? எனக்குக் கணக்கெடுக்கவே நேரம் பத்தல. அதெல்லாம் சீஃபு பாக்க வேண்டிய வேலதான?

இரு, டோல்கேட் வந்துட்டு. ஏப்பா, வெள்ளரிக்கா! இங்க, இங்க, இந்த சன்னலுக்கு! ரெண்டு குடு. பிளந்ததே குடு. பொடி தனியா குடு, நான் போட்டுக்கிடுதேன்.

வருசம் பூரா இந்த நோட்டு என்கிட்டதான் இருக்கும், பாத்துக்கோ. இனிமே அவரு கழுவத்தான் செய்வாரு, ஊரு பாக்குதுல்லா. ஒரு நாளு மறப்பாரு. மறக்காமலா போவாரு? அன்னைக்கு நான் அங்க நிப்பேன். திங்கக்கிழமையே நிப்பேன். அவரு கையவிட்டு ஒரு கண்ணு எடுக்க மாட்டேன்.

இந்தா, பிடி. பொடி எல்லாப் பக்கமும் படணும், இப்பிடி விரலால நல்லா தேய்ச்சாத்தான் உள்ள இறங்கும். சாப்பிடு, காலையிலேருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட.

பிடிம்மா. என்ன, வாங்க மாட்டேங்கே?

என்னத்துக்கு என் கையவே பாக்கே?